சித்தியின் கண்ணில் படாத அம்பு

குலசேகரத்தில் சித்திக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. சித்தப்பா இருந்தவரை ஷீட் எடை, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ரப்பர் பால்), வெட்டுக்கூலி எல்லாம் அவர் டைரியிலேயே இருக்கும். இப்போது சித்திதான் பார்க்கிறார். அவருக்காக எக்செலில் ஒரு கணக்கு போட்டு, அதில் எப்படி எழுதுவது என்று 9 நிமிட வீடியோ எடுத்து, தக்கலையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று ராத்திரியே போன் வந்தது.

"மக்களே, நீ இங்க அமுக்கு, அங்க அமுக்குன்னு சொல்லுத. எங்கன்னு எனக்குத் தெரியல்லியே."

லேப்டாப்பில் பார்த்தால் தெளிவாகத்தான் இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன், சித்தி வீடியோவைப் போனில் ஓடவிட்டு, அதை லேப்டாப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் பார்க்கிறவர். விண்டோஸின் சாதாரண மவுஸ் அம்பு 19 பிக்சல் உயரம். 1920 பிக்சல் அகல வீடியோவை நிமிர்த்திப் பிடித்த போனில் பார்த்தால் அந்த அகலம் ஆறரை சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். அம்பு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அறுபது வயதுக் கண்ணுக்கு அதைக் காட்டி "இங்க" என்றால் எப்படி?

நல்லவேளை, பதிவு செய்தது காம்டேசியாவில், அதாவது திரையில் நடப்பதை வீடியோவாக எடுத்துத் திருத்தும் மென்பொருளில். அதன் பதிவுக் கோப்பில் அம்பு படத்தோடு ஒட்டிப்போகாமல் தனியாக இருக்கும், பிறகும் மாற்றலாம். சாதாரண எம்பி4 வீடியோவாகப் பதிவாகியிருந்தால் மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். அம்பைப் பெரிதாக்கி, சுற்றிலும் மஞ்சள் வட்டம் வைத்தேன். தலைப்பு வரிசைக்கு நான் ஏற்கெனவே மஞ்சள் அடித்திருந்ததால் அங்கே போனதும் வட்டம் மறைந்தது. சரி என்று நீலமாக்கினேன். இடது கிளிக்குக்கு வளையம் விரியும்படி வைத்தேன், அது மட்டும் கட்டாயம் வேண்டும். கிளிக் சத்தம் பேச்சின் நடுவே குறுக்கிட்டதால் எடுத்துவிட்டேன்.

என் நாளைத் தின்றது அம்பின் ஓட்டம்தான். பேசும்போது மவுஸைச் சும்மா ஆட்டும் பழக்கம் எனக்கு உண்டு. 2019 பதிப்பிலிருந்து காம்டேசியாவில் கர்சர் ஸ்மூத்திங் இருக்கிறது. ஒரு கிளிக்கிலிருந்து அடுத்த கிளிக்குக்கு அம்பை அலையாமல் நேராகக் கொண்டுபோகும். போட்டதும் வீடியோ அப்படியே அமைதியாகிவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் திடுக்கிட்டேன். "காய்ந்த ஷீட்டோட எடையை மட்டும் இதுல எழுதுங்க சித்தி" என்று சொல்லும்போது நான் கிளிக் செய்யவில்லை, அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். ஸ்மூத்திங் அதைத் துடைத்துவிட்டது. பேச்சு எடையில், அம்பு தேதியில். ஆட்டத்தையும் சுட்டிக்காட்டுவதையும் பிரிக்க அதற்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

அம்பு நிற்கும் இடங்களைக் கண்டுபிடிக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் நான் அங்கே நிற்கவே இல்லையே, சுற்றிக்கொண்டல்லவா இருந்தேன். அதனால் அந்த 12 விநாடியை மட்டும் தனித் துண்டாக வெட்டி, அதிலிருந்து ஸ்மூத்திங்கை எடுத்தேன். 2022 பதிப்பு முதல் அம்பு போகும் பாதையையே புள்ளி புள்ளியாக நகர்த்தலாம். ஒட்டுப்பால் கட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஓர் இடத்தை அப்படித்தான் சரிசெய்தேன். இப்போதெல்லாம் பதிவின்போதே காட்டவேண்டிய கட்டத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

புது வீடியோவை அனுப்பி இரண்டு நாள் கழித்து சித்தி கூப்பிட்டார்.

"அம்பு நல்லா தெரியுது மக்களே. ஆனா ஒட்டுப்பாலை எதுக்குத் தனியா எழுதச் சொல்லுத? எல்லாம் ஒரே கடையிலதானே கொடுக்கேன்?"

ஷீட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு வேறு விலை. அதற்கு 3 நிமிடத்தில் இன்னொரு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.