கேப்ரியேல் தீவுக்குப் போய் வந்தோம்

அக்டோபர் 31, வெள்ளி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி, தலைநகர் போர்ட் லூயிஸ். அங்கே இமிக்ரேஷன் ஸ்கொயரில் வடக்கே போகும் பஸ். அத்தைக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. கரும்பு வெட்டு இன்னும் முடியவில்லை. வெட்டிய வயல் ஒரு பக்கம், ஆளுயரக் கரும்பு மறுபக்கம். கிராண்ட் பே வந்ததும் கரும்பு மறைந்து வாடகைக் கார் பலகைகளும் நீச்சலுடை தொங்கும் கடைவாசல்களும் வந்துவிட்டன. விரிகுடா முழுக்கப் படகுகள்.

தங்குவது பக்கத்துப் பெரேபேரில், கடற்கரைக்குப் பின்னால் ஒரு சின்ன பங்களாவில். இந்தத் தீவுக் குடும்பங்கள் விடுமுறைக்கு இப்படித்தான் வரும். அரிசி, பருப்பு, குக்கர், பாய் எல்லாம் கூடவே. ராத்திரிக்கு ரசமும், தக்காளியில் செய்யும் கருவாட்டு ருகாயும்.

நவம்பர் 1, சனி

காலை ஏழு மணிக்கே தண்ணீரில் இறங்கிவிட்டோம். பவளப்பாறைத் திட்டு தூரத்திலேயே அலையை உடைத்துவிடுவதால் கரைப்பக்கம் கடல் குளம் போல் கிடக்கிறது. மெரினாவில் கால் நனைக்கவே பயந்து வளர்ந்தவள் நான். இங்கே கழுத்தளவு தண்ணீரில் நின்று என் கால்விரலைப் பார்க்க முடிகிறது.

மத்தியானம் அன்னாசிக்காரர் வந்தார். காம்பைக் கைப்பிடியாக விட்டுவிட்டு மற்றத் தோலைச் சீவினார். பிறகு கத்தியைச் சாய்த்து, கண்கள் போகும் சரிவிலேயே சுற்றிச் சுற்றிப் பள்ளம் எடுத்தார். ஒரு கண் மிச்சமில்லை, சதையும் வீணாகவில்லை. நான்காகப் பிளந்து மிளகாய் உப்பில் புரட்டிக் கொடுத்தார். அத்தை இரண்டு வாங்கினார்.

சாயந்திரம் கரையோரமாகவே வெகுதூரம் நடந்தோம். ஹோட்டல் முன்னால் போகலாமா என்று தயங்கினேன். "கடற்கரை எல்லாருக்கும் பொது, நட" என்றார் அத்தை. சட்டமும் அதுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று அரசு விடுமுறை. 1834-இல் இதே தேதியில்தான் 'அட்லஸ்' கப்பல் இந்தியாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயிஸ் வந்தது. 1920 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அப்படி வந்தார்கள். தமிழர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில், கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்துவிட்டார்கள். பிற்பாடு கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்தும் கப்பல்கள் வந்தன. கூலிகள் இறங்கிய, போர்ட் லூயிஸ் துறைமுகத்திலுள்ள அப்ரவாசி காட் 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். இன்று அங்கே விழா.

நாங்கள் கட்டமரான் என்னும் சுற்றுலாப் படகில், வடக்கே கடலில் இருக்கும் கேப்ரியேல் தீவுக்குப் போனோம். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் அந்தப் படகில் வேலை செய்கிறார். பிரான்ஸ்காரர்கள், ரீயூனியன் குடும்பங்கள், நாங்கள். கதவடியில் செருகும் ஆப்பு மாதிரி நிற்கும் க்வேன் த மீர் பாறையைத் தாண்டும்போது நீள வால் வெள்ளைப் பறவைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டார்.

தீவு அழகு. வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், எதிரே ஈல் ப்ளாட் தீவில் கலங்கரை விளக்கம். படகில் கோழியும் மீனும் சுட்டுக் கொடுத்தார்கள். இந்த ஊர் சேகா பாட்டு ஓடியது. எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்க இறங்கினார்கள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். 1854-இல் காலரா மொரீஷியஸில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தப் பயம் அடங்குமுன், 1856-இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களில் நோய் கண்டது. துறைமுகத்துக்குள் விடாமல் கூலிகளை இந்தக் கேப்ரியேல் தீவில் இறக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் இங்கேயே செத்தார்கள். சேதி இந்தியாவுக்குப் போய், மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதையே அரசு சில காலம் நிறுத்தி வைத்தது. எதிர்த்தீவில் நோய்த்தடுப்பு முகாமின் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

படகில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பறவைக்கு விளக்கம் உண்டு, பாறைக்கு உண்டு, ரம்முக்குக்கூட உண்டு. யாரும் வரக்கூடாது, கொண்டாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் அங்கே விளையாடட்டும். ஆனால் இரண்டு நிமிஷம் ஒதுக்கி, இங்கே இப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். மற்ற நாள் போகட்டும், நவம்பர் 2 அன்றாவது சொல்ல வேண்டாமா?

அத்தையிடம் சொன்னேன். எழுந்து தண்ணீரண்டை போனார். கையிலிருந்த ஆரஞ்சை உரித்து, சுளைகளை ஒவ்வொன்றாக அலையில் விட்டார்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் கிராண்ட் பேயில் கடலோரச் சாலையிலுள்ள சூர்ய உதய சங்கம் கோவில். வண்ணக் கோபுரத்தைப் படமெடுக்க அந்த நேரத்திலேயே வெளிநாட்டார் நாலைந்து பேர். அத்தை குருக்களிடம் மோட்ச தீபம் ஏற்றச் சொன்னார்.

"யார் பேருக்கும்மா?"

"கேப்ரியேல் தீவுல இறந்தவங்களுக்கு சாமி. பேர் தெரியாது."

"அவங்க கல்கத்தா பக்கத்துலேர்ந்து வந்தவங்க அத்தை" என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன? கப்பல்ல வந்தவங்கதானே."

குருக்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றினார். நாங்கள் கும்பிட்டு முடிக்கும்போது படகுக்காரத் தம்பியும் வந்தார். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் இந்தப் பக்கத்தில் காவடி எடுப்பவர். நேற்று நான் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணி, எனக்கே தெரியாது. எத்தனை வருஷமா போய்ட்டு வர்றேன்! முதலாளி சம்மதிப்பாரா தெரியல. நான் கேட்டுப் பாக்கறேன். வருஷம், கப்பல் எங்கேர்ந்து வந்தது, எல்லாம் எழுதிக் குடுங்க."

கோவில் திண்ணையிலேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கத்தில், இங்கே எல்லாரும் பேசும் கிரியோலில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, பிரெஞ்சிலும் வேண்டும் என்றார். அதையும் எழுதினேன். பதினொரு மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று.