முதலில் சொன்ன பாதி

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று, அதனால் இங்கேயும் முதலில் இதையே எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அவர் எங்கள் வாடிக்கையாளர், வண்டி பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார். "சார், வண்டியில என்ஜினை மாத்தினா இன்சூரன்ஸுக்குச் சொல்லணுமா?" நான் சொன்னது இது: "சொன்னா பிரீமியம் ஏறும் சார், சொல்லலைன்னா கிளெய்ம்ல பிரச்சினை வரும்." இரண்டு பாதியும் உண்மைதான். ஆனால் எதை முதலில் சொன்னேன் பாருங்கள்.

அவர் ஆசையாகத்தான் பேசினார். 80 குதிரைத்திறன் வண்டி, அதே மாடலின் பெரிய ரகத்து என்ஜினை இறக்கி இப்போது 150. பிரேக் டிஸ்க், ரேடியேட்டர், என்ஜின் மவுண்ட் எல்லாமே அந்தப் பெரிய ரகத்திலிருந்தே போட்டதாகச் சொன்னார். எனக்கு வரிசையில் மூன்று அழைப்புகள் காத்திருந்தன. "நல்லது சார்" என்றேன். "சரி சார், யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து ஆன்லைனில் புதுப்பித்தார். வண்டியின் அசல் அமைப்பில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை'.

நான் சொல்லியிருக்க வேண்டியது நாலு வரிதான். புது என்ஜின் எண் பதிவுச் சான்றில் ஏறணும், வேலை செய்த பில் வேணும், படம் வேணும், பிரேக்கும் சஸ்பென்ஷனும் இந்தச் சக்தியைத் தாங்கும் என்று ஒரு பொறியாளர் எழுதித் தரணும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், கனமான என்ஜின் என்றால் முன்பக்கச் சுமையும் கூடும், அண்டர்ரைட்டிங், அதாவது வண்டியை ஏற்கலாமா, எவ்வளவு பிரீமியம் என்று முடிவு செய்யும் பிரிவு, கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான். பாதிக்கு மேல் அவர் கையிலேயே இருந்தது. பிரீமியம் கூடியிருக்கும், ஆனால் அனேகமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அனேகமாக. மறுத்திருந்தால் வேறு கம்பெனியைத் தேடிப் போயிருப்பார், என்னைத் திட்டியிருப்பார், அது பரவாயில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு கிளை முறிந்து பானெட்டில் விழுந்தது. நின்றிருந்த வண்டி, என்ஜின் ஓடக்கூட இல்லை. சேதத்தைப் பார்க்கப் போன சர்வேயர் பானெட்டைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, என்ஜின் பிளாக்கில் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுத்திருக்கிறார். இலக்கங்கள் வெள்ளையாகத் தெரிந்தன, பாலிசியில் இருந்த எண் வேறு. கிளெய்ம் நிராகரிப்பு. கிளை விழுந்ததற்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று மேலாளரிடம் கேட்டேன். "கிளைக்குச் சம்பந்தம் இல்லப்பா, அந்த 'இல்லை'க்கு இருக்கு" என்றார். அதுவும் சரிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் 1766ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொன்னார்கள், கார்ட்டர் எதிர் போம். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை எதிரி கையில் விழுந்தால் பணம் தரவேண்டும் என்று காப்பீடு, பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தேவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டாய் என்று பணம் தர மறுத்தார் காப்பீடு கொடுத்தவர். தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைக்கக் கூடாது என்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னது இதில்தான், நாங்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். ஆனால் தீர்ப்பு காப்பீடு எடுத்த கோட்டைக்காரர் பக்கம் போனது. காப்பீடு தருபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையும், அவரே விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதையும் தனியாகச் சொல்லத் தேவையில்லையாம். வகுப்பில் அந்தப் பாதியை வேகமாகக் கடந்துவிட்டார்கள். இங்கேயும் பாதிதான்.

அப்படியென்றால் எனக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்ததாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன், அவர் கேட்டது பொதுவான கேள்வி மாதிரி, பிறகு எழுத்தில் 'இல்லை' என்று கொடுத்தது அவரேதான், படித்தவர், வளர்ந்த ஆள், நான் என்ன அவர் விரலைப் பிடித்தா அழுத்தினேன். ஆனால் அது பொதுவான கேள்வி இல்லை என்பது டிஸ்க்கைப் பற்றிச் சொன்னபோதே எனக்குத் தெரியும். குறிப்பில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், புதுப்பிப்பு தானாகவே நின்று யாரிடமாவது போயிருக்கும். போடவில்லை. மூன்று அழைப்புகள்.

இப்போதெல்லாம் கிளெய்ம் பாதியை முதலில் சொல்கிறேன். போன வாரம் ஒரு அம்மா அதைக் கேட்டதுமே "அப்ப வேண்டாம்ப்பா" என்று ஃபோனை வைத்துவிட்டார். அவர் என்ன செய்தார் என்று தெரியாது.

நேற்று அந்த என்ஜின் மாற்றியவருடைய புகார்க் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், நடுவில் ஒரே ஒரு வரி: "இதுபற்றி முன்பே ஃபோனில் விசாரித்தேன்." யாரிடம் பேசினார் என்று பார்க்கச் சொல்லி மேலாளர் என்னிடமே கொடுத்திருக்கிறார். அழைப்புப் பதிவுகளைத் தேதி வைத்துத்தான் தேட முடியும், அவர் தேதி எழுதவில்லை. எனக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கிறது. "பார்க்கிறேன் சார்" என்று சொல்லியிருக்கிறேன்.