டிரைவரை முகப்போடு நிறுத்துவது

என்னிடம் இருக்கும் ஏ3 ஸ்கேனருக்கு லினக்ஸ் டிரைவரை, அதாவது கணினி ஸ்கேனரோடு பேச உதவும் நிரலை, தயாரிப்பாளரே தருகிறார். மூல நிரலைத் தருவதில்லை. அதற்குள் என்ன நடக்கிறது என்று நானும் பார்க்க முடியாது, டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தயாரிப்பவர்களும் பார்க்க முடியாது.

காரைக்குடியில் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுப்பது என் தொழில். பேரேடு, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தப் பத்திரம்), ரங்கூன் கடிதங்கள் எல்லாம் வரும். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் பேரேட்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, எங்க ஐயா கொண்டுவிக்கப் போன எடத்துக் கணக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்துனா வேற யாருக்கும் போயிடாதே?" என்று கேட்டார்கள். (கொண்டுவிக்கப் போவதென்றால் கடல் கடந்து தொழில் பார்க்கப் போவது.) நியாயமான கேள்வி. வாயால் "போகாது ஆச்சி" என்று சொன்னால் போதாது, போக வழியே இல்லாதபடி செய்து வைத்திருக்க வேண்டும்.

மூடிய டிரைவர் என்றாலே நான் முதலில் பார்ப்பது, அது எங்கே ஓடுகிறது என்பதைத்தான். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் புகுந்துவிட்டால் அதைக் கேட்பார் இல்லை. எந்த நினைவகத்தையும் தொடலாம். ஒரு பிழை போதும், மொத்த இயந்திரமும் நின்றுபோகும். நம் பக்கத்து வீடுகளில் யார் வாசல் பக்கத்து முகப்போடு நிற்பது, யார் உள்ளே இரண்டாங்கட்டு வரை வருவது என்று ஒரு வரைமுறை உண்டல்லவா? அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். நல்லவேளையாக, ஸ்கேனர் டிரைவர் கெர்னலுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸில் ஸ்கேனர்களைக் கையாளும் சேன் (SANE) அமைப்பின் கீழ் சாதாரண நிரலாக நின்றுகொண்டு யுஎஸ்பி வழியாகப் பேசினால் போதும்.

நிறுவும் நேரத்தில்தான் கவனம் தேவை. டெபியனுக்கான நிறுவல் தொகுப்பான டெப் பொதிக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்ட், ரூட் என்னும் முழு அதிகாரத்தோடு ஓடும். பெரும்பாலும் அது வெறும் எழுத்துக்கோப்புதான். பொதியைப் பிரித்து வாசித்துவிடலாம். வாசித்த பிறகும் நான் அதை என் முதன்மைக் கணினியில் நிறுவுவதில்லை. கணினிக்குள் கணினியை உருவாக்கும் கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் கணினி, அதற்குள் டெபியன், அதற்குள் இந்த டிரைவர். ஸ்கேனரின் யுஎஸ்பி இணைப்பை அதற்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். டிரைவரை நிறுவி முடித்ததும் அந்த மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டையை எடுத்துவிட்டேன். படங்கள் வெளியே வருவதற்குப் பகிர்வு அடைவு ஒன்றே ஒன்று. அந்த டிரைவர் எதையாவது அனுப்ப நினைத்தாலும் அதற்குப் பாதை கிடையாது. ஆச்சிக்கும் இதைத்தான் சொன்னேன்: "அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட்டே இல்லை ஆச்சி."

கிராஃபிக்ஸ் அட்டையில் இவ்வளவு எளிதாக முடியாது. அதன் டிரைவர் கெர்னலுக்குள் போயே ஆக வேண்டும். மூடிய மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் நிரல் துண்டு) ஏறியதுமே கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் பிழைகளைக் கெர்னல் குழுவினர் பெரும்பாலும் ஏற்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பார்க்க முடியாத நிரலை எப்படித் திருத்துவது? 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலை வெளியிட்டது. டூரிங் தலைமுறை முதலான அட்டைகளுக்கு அதையே போடுங்கள். கெர்னலுக்கு வெளியே ஓடும் பகுதி இன்னும் மூடியதுதான், ஆனாலும் இது பெரிய முன்னேற்றம்.

கையொப்பமில்லாத மாட்யூல்களை ஏற்றவிடாத செக்யூர் பூட் (Secure Boot) வசதியை அணைத்துவிடச் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நீங்களே ஒரு சாவி உருவாக்கி, மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை இயந்திரத்தில் பதிவு செய்யலாம். டெபியனிலும் உபுண்டுவிலும், கெர்னல் மாறும்போது மாட்யூலை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் இந்த வேலையில் பாதியைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்புறம், புதிய கெர்னல் வந்தாலும் பழையதை உடனே நீக்காதீர்கள். மாட்யூல் ஏறாமல் திரை கறுத்துப்போனால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அந்தப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.

புதிதாக ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் சேன் திட்டத்தின் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். அங்கே முழு ஆதரவு என்று இருந்தால் இத்தனை ஏற்பாடும் உங்களுக்குத் தேவைப்படாது.