சென்னைக் கண்காட்சிக்காக நாங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுத்த விதம்

யாழ்ப்பாணத்திலிருந்து பனையோலைக் கூடை, பெட்டி, தொப்பி கொண்டுபோய்ச் சென்னையில் விற்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் விமானச் சரக்குக் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஜிஎஸ்டி, அதாவது இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் உள்ளூர்க் கடைக்காரருக்குப் பொதுவாக வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. அந்தச் சலுகை எங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்து தற்காலிகமாக விற்பவர் ஒரு கூடை விற்றாலும் பதிவு எடுத்திருக்க வேண்டும். ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தில் கொண்டுபோனால் போதாதா என்றும் கேட்கிறார்கள். அது காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துவரும் பொருளுக்கு, விற்பதற்கு இல்லை.

பதிவுக்கான படிவம் ரெக்-09, இணையத்திலேயே நிரப்பலாம். வியாபாரம் தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்த 5 நாளை நம்பி உட்காராதீர்கள். கடவுச்சீட்டுப் பிரதி, ஸ்டால் ஒதுக்கிய கடிதம், இந்திய வங்கிக் கணக்கு விவரம், நிறுவனமாக இருந்தால் இங்கே இறைவரித் திணைக்களம் தந்த டின் என்ற வரி அடையாள இலக்கம், இதெல்லாம் ஓடியாடிச் சேர்த்துவிடலாம். கஷ்டம் விண்ணப்பத்தில் நமக்காகக் கையொப்பமிடுபவரில்தான். அவர் இந்தியாவில் வசிப்பவராகவும் பான் கார்டு (இந்திய வருமான வரி அடையாள அட்டை) உள்ளவராகவும் இருக்க வேண்டும்.

எங்களுக்கு அக்காவின் கணவர் சென்னைக்காரர் என்பதால் அத்தானிடம் போனோம். "நாளைக்கு நோட்டீஸ் வந்தா என் தலையிலதானே விழும்?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் விலைப்பட்டியல், சரக்கு விவரம், எவ்வளவு வரி வரும் என்ற கணக்கு எல்லாவற்றையும் அவர் முன் விரித்து வைத்துப் பேசிய பிறகுதான் சம்மதித்தார். ஓடிபி அவருடைய தொலைபேசிக்கே வரும்படி கொடுத்தோம், நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் ரிட்டர்ன், அதாவது விற்பனை, வரிக் கணக்கு, போட வேண்டியிருக்குமே.

அப்புறம் முன்பணம். பதிவுக் காலத்தில் எவ்வளவு விற்கும் என்று நாமே மதிப்பிட்டு, அதற்கான வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். 3 லட்சம் விற்கும், வரி 5 சதவீதம் என்று வைத்தால் 15,000 ரூபாய், ஒரு பொருளும் விற்காத நிலையில். சிறிய கூட்டுறவுக்கு, அதுவும் முடைந்த பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட்டு நிற்கும் நேரத்தில், இது கனமான தொகைதான். பதிவு அதிகபட்சம் 90 நாள், தேவையானால் இன்னும் 90 நாள் நீட்டலாம், அதற்கும் முன்பணம் உண்டு.

விலை போடும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சுங்கத்தில் இறக்குமதிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை (அதற்கு ஐஜிஎஸ்டி என்று பெயர்) மட்டும்தான் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து நாம் கழித்துக்கொள்ள முடியும். ஸ்டால் வாடகையின் மேல் வாங்கும் 18 சதவீத ஜிஎஸ்டி திரும்பி வராது. அதைச் செலவாகவே எழுதிக் கூடை விலையில் சேர்த்தோம். சிறு விற்பனையாளரை இது எவ்வளவு அழுத்துகிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

ரிட்டர்ன் போடும் படிவம் ஜிஎஸ்டிஆர்-5. அடுத்த மாதம் 13ஆம் தேதி, அல்லது பதிவு முடிந்து 7 நாள், எது முந்தியோ அதற்குள். பதிவுக் காலம் முழுவதற்கும் ரிட்டர்ன் போட்டு முடித்தால்தான் மிச்ச முன்பணம் திரும்பும். அதனால் கண்காட்சி நாட்களுக்கு ஒட்டியே பதிவுக் காலத்தைக் கேளுங்கள், 90 நாளும் கிடைக்கிறதே என்று நீட்டிக் கேட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் அத்தானைத் தொந்தரவு செய்ய வேண்டிவரும்.