ரெண்டு வீட்டுக்கும் ஒரு சுவரு

"அண்ணே, கிச்சன கொஞ்சம் பின்னால தள்ளணும்." எனக்கு வர்ற போன்ல முக்காவாசி இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த 'கொஞ்சம்' எவ்வளவுன்னு நேர்ல போயி டேப் போட்டாத்தான் தெரியும், பாதி பேருக்கு அது பின்பக்க வேலி வரைக்கும், மீதி பேருக்கு வேலியத் தாண்டி பேக் லேன்ல ஓடற லோங்காங், அதாவது சாக்கடை வரைக்கும்.

நான் மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம் ஒரு கடை மாடியில உக்காந்து பிளான் வரையறவன். ஆர்கிடெக்ட் இல்ல, டிராஃப்ட்ஸ்மேன். கையெழுத்து போட்டு அனுப்பறது வேற ஆளு, ஆனா வீட்டுக்காரங்க கண்ணுக்குத் தெரியறது நாந்தான், அதனால பிளான் பாஸ் ஆனா ஆர்கிடெக்ட் கெட்டிக்காரரு, திரும்பி வந்தா 'அந்த டிராயிங் தம்பி சரியில்ல'. வேலைக்கு சேர்ந்த காலத்துல டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவும்தான், தப்பு பண்ணா பிளேடால சுரண்டணும், பிரிண்ட் எடுக்கற ரூம்ல அம்மோனியா நாத்தம் சட்டையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும், எங்கம்மா மூக்கப் பொத்திக்கிட்டு 'எங்கடா கக்கூஸ் கழுவிட்டு வர்றியா'ன்னு கேப்பாங்க. இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு. ஆனா ரூல்ஸ் பெரும்பாலும் அதேதான்.

ரூல்ஸ்னா முக்கியமா யூபிபிஎல், கட்டடம் கட்டறதுக்கான விதிங்க, 1984ன்னு போட்ட அந்த புத்தகம். அதுக்கு அப்பன் 1974ஆம் வருஷத்து 133ஆம் சட்டம், அதுல 70ஆவது பிரிவுதான் கவுன்சில் (நம்ம ஊராட்சி நகராட்சி மாதிரி) அனுமதி இல்லாம யாரும் கட்டக்கூடாதுங்கறது. பிளானிங் விஷயம் தனி, கேஎல்லுக்கு 1982ல வந்த 267ஆம் சட்டம், பினாங்கு சிலாங்கூருக்கெல்லாம் 1976ல வந்த 172. வீட்டுக்காரங்களுக்கு இது ஒண்ணும் வேணாம், அவங்க கேக்கறது ஒரே கேள்வி, "எத்தன அடி விடணும்?" அதுக்கு நேரா ஒரு பதில் கெடையாது. செமி-டி, அதாவது நடுச்சுவர் ஒண்ணா ஒட்டியிருக்கற ரெட்டை வீட்டுக்கு முன்னால இருபதடி, பக்கத்துல பத்தடின்னு நான் அடிக்கடி பார்த்த கணக்கு, ஆனா ஒரு கவுன்சில்ல கிச்சன பின் எல்லை வரைக்கும் இழுக்க விடுவாங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற கவுன்சில்னா விட மாட்டாங்க, கீழ விட்டாலும் மாடிக்கு விட மாட்டாங்க. ஒரே மாதிரி வீடு, ஒரே டெவலப்பர், நடுவுல ஒரு ரோடு. இத எப்படி ஒரு ஆண்ட்டிக்கு வெளக்கறது?

வீட்டுக்குள்ள இருக்கற கணக்கு பரவாயில்ல, அது எங்க போனாலும் பெருசா மாறாது. மொத ரூம் 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, ரெண்டாவது 9.3, அதுக்கப்புறம் வர்ற ரூம் எல்லாம் 6.5, உயரம் 2.5 மீட்டர். புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் கேட்டான், அதென்ன 9.3, ஒம்பதுன்னு வெச்சா ஆகாதான்னு. அடியில மாத்திப் பாருடான்னேன். நூறு சதுர அடி. 6.5ங்கறது எழுபது. மீட்டர் சட்டை போட்டுக்கிட்டு உள்ள இன்னும் அடியும் இஞ்சும்தான் இருக்குங்கறது என்னோட கணிப்பு.

வாஸ்து பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். டெவலப்பர் வரிசையா கட்டி வெச்ச தெரஸ் வீட்டுல தென்கிழக்கு எங்க வருதோ அங்கதான் வரும். ஒரு தடவ காம்பஸ் வெச்சுப் பார்த்தா அக்னி மூலை பக்கத்து வீட்டுக்காரர் ஹால்ல இருக்கு. "அவர்கிட்ட கேட்டுப் பாக்கலாமாண்ணே"ன்னு அந்தம்மா சிரிக்காம கேட்டாங்க.

நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. பல வருஷத்துக்கு முன்னால, இருபதடி அகலம் எழுபதடி நீளம், ரெண்டு மாடி தெரஸ் வீடு. நடுவுல ஏர்வெல். வெளிய ஜன்னல் வைக்க வழியில்லாத நடு ரூமுக்கு வெளிச்சமும் காத்தும் வர்றதுக்காக வானத்தப் பார்த்து விட்ட ஓட்டை அது, ரெண்டு மாடி வரைக்கும்னா 7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கம் அளந்தாலும் 2.5 மீட்டர் அகலம் இருக்கணும். வீட்டுக்காரருக்கு அது வேஸ்ட் எடம். மழை பேஞ்சா தண்ணி, கொசு, இலை, வருஷத்துக்கு ரெண்டு தடவ பூனை வேற குட்டி போடுது, மூடிட்டா ஒரு டைனிங் டேபிள் போடலாமேன்னாரு. பிளான்ல நான் திறந்துதான் காட்டினேன். கவுன்சில்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போன மறு மாசம் கண்ட்ராக்டர் மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிட்டாரு. அந்த ஷீட்டுக்கு அளவு எடுத்துக் குடுத்தது யாரு? நாந்தான். காசும் வாங்கினேன்.

ஒரு தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த நடு ரூம்ல அவங்க பாட்டி. மத்தியானம் ரெண்டு மணி, வெளிய வெயில் கொளுத்துது, உள்ள ட்யூப் லைட். ஜன்னல் இருக்கு, திறந்துதான் இருக்கு, ஆனா அது திறக்கறது டைனிங் டேபிளப் பார்த்து. அலமாரிக்குப் பின்னால சுவத்துல கருப்பா புள்ளி புள்ளியா பூஞ்சை, தலகாணியில கூட அந்த வாடை. பாட்டி என் கையப் புடிச்சு, "மணி என்னப்பா, பொழுது விடிஞ்சிருச்சா"ன்னாங்க. ஜன்னல் பரப்பு தரையில பத்துல ஒரு பங்கு, அதுல பாதி காத்துப் போற மாதிரி திறக்கணும்னு ஒரு ரூல் இருக்கே, அதுவரைக்கும் அது எனக்கு கால்குலேட்டர்ல தட்டற கணக்கு. அன்னைக்கு முறுக்கு தொண்டையில எறங்கல.

இப்பல்லாம் யாராச்சும் மூடணும்னா பக்கவாட்டுல காத்துப் போற மாதிரி தூக்கி வெச்ச கூரைய வரைஞ்சு, அதையே பிளான்ல காட்டி அனுப்பறேன். திரும்பி வந்தா வரட்டும்.

சரி, தலைப்புக்கு வர்றேன். செமி-டின்னா நம்மாளுங்களுக்கு ஒரு பெருமை, தெரஸ்லேர்ந்து ஒரு படி மேல. (தமிழ்நாட்டு சொந்தக்காரங்க டூப்ளெக்ஸ்ம்பாங்க, அது வேற, அங்க உள்ளேயே மாடிப்படி வெச்ச ரெண்டு மாடி வீட்டுக்கு அந்தப் பேரு, நான் சொல்றது ஒரே கட்டடம் ரெண்டு வீடா இருக்கறது.) மூணு பக்கம் காலி எடம், நாலாவது பக்கம் சுவரு. அந்த மூணு பக்கத்துக்குத்தான் எல்லாரும் ரூல்ஸ் கேப்பாங்க. நாலாவது பக்கத்தப் பத்தி இத்தன வருஷத்துல ஒரு ஆளு கூட என்கிட்ட அவங்களா கேட்டதில்ல.

ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன ஒரு அங்கிள். ஒத்த மாடி செமி-டி, எண்பதுகள்ல கட்டினது. அந்தப் பாதியில ஒரு சீன அங்கிள், ரெண்டு பேரும் குடி வந்ததுலேர்ந்து பக்கத்து பக்கம். நம்ம அங்கிளுக்கு பையன் பணம் அனுப்பறான், அவரோட பாதிய இடிச்சிட்டு ரெண்டு மாடி கட்டணும். என்ன பிரச்சன, அவர் நெலம், அவர் காசு, முன்னால இருபதடி விட்டாச்சு, பக்கத்துல பத்தடி விட்டாச்சு, பிளானும் பாஸ்.

நடுச்சுவர் கணக்கு இப்படி. 200 மில்லிமீட்டர் கனம் இருக்கணும், நம்ம பழைய எட்டு இஞ்சு. ஆனா அதுலயே ஒரு சலுகை, வேற வேற நேரத்துல கட்டினா 100, 100ன்னு ரெண்டு தனித்தனி சுவரா இருக்கலாம். மொத தடவ அத படிச்சப்ப சிரிச்சிட்டேன். ரெண்டு வீட்டுக்காரனும் ஒரே நேரத்துல கட்ட மாட்டான், ஒருத்தன் கையில காசு இருக்கறப்ப இன்னொருத்தன் கையில இருக்காதுங்கறது எழுதினவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு, அந்தச் சுவரு கூரைக்கு மேல 225 மில்லிமீட்டர், அதாவது ஒம்பது இஞ்சு, தூக்கி நிக்கணும். பல பேரு அத அழகுக்குன்னு நெனைக்கறாங்க. ஒரு பக்கம் தீப்புடிச்சா மத்த பக்கத்துக்கு கூரை வழியா தாவாம இருக்கத்தான் அது. கண்ட்ராக்டருங்களுக்கு அது மேல ஒரு கண்ணு, வெட்டிட்டு ஒரே ஷீட்டா ஓட்டிட்டா வேலை மிச்சம்.

நம்ம அங்கிள் வீட்டு நடுச்சுவர் பழைய ஒத்தச் சுவரு, ரெண்டு பக்கத்து கூரைக் கட்டையும் அதுமேலதான் உக்காந்திருந்துச்சு. புது வீட்டுக்கு அதத் தொடாம எங்க பக்கத்துலயே தனி தூண், தனி சுவரு. அடித்தளம் எல்லைக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது, அதனால தூண் அடியில இருக்கற ஃபுட்டிங்கோட (அடித்தளக் கான்கிரீட்) ஓரத்துல நிக்கும், ஒத்தக்கால்ல நிக்கற ஆள கைய புடிச்சு இழுத்து வெச்சுக்கற மாதிரி உள்பக்க தூணோட ஒரு பீம் போட்டு கட்டணும். இஞ்சினியர் அதெல்லாம் சரியா குடுத்துட்டாரு. சுவத்த ஒட்டி மூணடிக்கு கையாலதான் ஒடைக்கணும்னு நான் பிளான்லயே எழுதியும் வெச்சேன். கண்ட்ராக்டர் தலையாட்டிட்டு ஒரு சனிக்கெழம மெஷின எறக்கிட்டாரு.

திங்கக்கெழம நான் போனப்ப இந்தப் பாதி வெறும் மண்ணு. நடுச்சுவர் மட்டும் தனியா நிக்குது, உள்பக்கம் வெளிப்பக்கமா ஆகி. பச்சை பெயிண்ட்டு, காலண்டர் ஆணி, சாமி படம் மாட்டியிருந்த எடத்துல மட்டும் நெறம் மங்காத ஒரு சதுரம், அதுக்கு மேல வருஷக்கணக்கா ஏறின வெளக்குப் புகை. வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய பூச்சு அது, மழை தாங்காது. கேஎல்ல சாயங்கால மழைக்கு சொல்லணுமா? மறுநாள் சீன அங்கிளோட பெட்ரூம் சுவரு நனைஞ்சு பெயிண்ட் உப்பிப்போச்சு. அதுக்கப்புறம்தான் கேன்வாஸ் வாங்கிட்டு வந்து கட்டினாங்க.

இடிக்கறதுக்கு முன்னால பக்கத்து வீட்ட முழுசா போட்டோ எடுத்து வைக்கணும், இருக்கற வெடிப்பெல்லாம் தேதியோட. நான் எடுத்தேன். ஹால், ரூம், கிச்சன், போர்ச். பாத்ரூம் மட்டும் எடுக்கல, அன்னைக்கு அந்த ஆண்ட்டி குளிச்சிட்டு இருந்தாங்க, நான் வெயிட் பண்ண கூச்சப்பட்டு கெளம்பிட்டேன். வெடிச்சது எது? பாத்ரூம் டைல்ஸ். நடுச்சுவத்துல மேலேர்ந்து கோணலா ஒரு கோடு, தரை வரைக்கும். பழசுங்கறாரு கண்ட்ராக்டர், புதுசுங்கறாரு சீன அங்கிள், என் போன்ல படம் இல்ல. கவுன்சில்ல கம்ப்ளெய்ண்ட், வேலைய நிறுத்தியாச்சு, ரெண்டு அங்கிளும் காலைல ஒரே நேரத்துல குப்பை போட வந்தா ஒருத்தர் திரும்பிப் போயிடுவாரு. பல வருஷமா பொங்கலுக்கு சக்கரைப் பொங்கலும் சீனப் பெருநாளுக்கு மேண்டரின் ஆரஞ்சும் அந்த வேலி மேலதான் போயி வந்துக்கிட்டு இருந்துச்சு.

நானே போயி கதவத் தட்டினேன். மலாய்லதான் பேச்சு. தப்பு என்னோடது, படம் எடுக்காம விட்டது நான்னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், வெடிப்பு கூட பரவாயில்ல, இடிக்கற நாளப் பத்தி அவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, லாரி வந்து நின்னப்புறம்தான் எனக்கே தெரியும்ன்னாரு. பினாங்கு மாதிரி 172ஆம் சட்டம் நடக்கற எடத்துல, லோக்கல் பிளான் இல்லாத ஏரியான்னா பக்கத்து நெலத்துக்காரங்களுக்கு நோட்டிஸ் அனுப்பி 21 நாளு ஆட்சேபணை சொல்ல டைம் குடுக்கணும்னு இருக்கு. எங்க கேஸ் அதுல வராது. வந்திருந்தாலும் கடுதாசிதான வரும், அந்த மனுஷன் எதிர்பார்த்தது கடுதாசி இல்ல.

நம்ம அங்கிள்கிட்ட சொன்னேன். அவரு மொதல்ல எகிறினாரு, "பிளான் பாஸ் ஆயிடுச்சுல்ல, அப்புறம் நான் ஏன் போயி கேக்கணும்?" ஆண்ட்டிதான் "போங்க, சும்மா போயிட்டு வாங்க"ன்னு சட்டையக் குடுத்து அனுப்பினாங்க. உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. டைல்ஸ் முழுசா மாத்திக் குடுத்தாங்க, பெயிண்ட்டும் அடிச்சாங்க, அதுல ஒரு பங்கு என் ஃபீஸ்லேர்ந்து நானே கழிச்சுக்கிட்டேன். வீடு முடிஞ்சு சிசிசியும், அதாவது குடி போகலாம்ங்கற சர்டிபிகேட்டும் வந்துச்சு. 2007ஆம் வருஷம் ஏப்ரல்லேர்ந்து அது பிளான் அனுப்பறவங்களே கையெழுத்து போட்டு குடுக்கறது, அதுக்கு முன்னால சிஎஃப்னு கவுன்சில் குடுத்துச்சு.

அதுலேர்ந்து தெரஸோ செமி-டியோ, பேனாவத் தொடறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுக் கேட்டுல நின்னு 'ஹலோ' சொல்லிட்டுத்தான் மறுவேலை. இதுக்கு ஃபீஸ் கெடையாது, சில பேரு நாய அவுத்து விட்டிருக்காங்க.

போன மாசம் அந்த சீன அங்கிள் கூப்பிட்டாரு. மகளுக்கு ரெண்டாவது கொழந்தை, எடம் பத்தல, அவரோட பாதியையும் மாடி ஆக்கணுமாம். டேப்ப எடுத்துக்கிட்டு போனேன். காப்பி குடுத்தாங்க. அவர் பாதிய அளக்கறதுக்கு முன்னால நான் வெளிய வந்து நம்ம அங்கிள் வீட்டுக் கதவத் தட்டினேன். கையில போனோட நிக்கறதப் பார்த்ததுமே அவருக்கு புரிஞ்சு போச்சு. உள்ள திரும்பி, "ஏம்மா, பாத்ரூம்ல யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கத்தினாரு.