நிஞ்சா 250ஆருக்கு 300-இன் பின்சக்கரம்: இதுவரை

2008 முதல் 2012 வரை வந்த கவாசாகி நிஞ்சா 250ஆர் மோட்டார்சைக்கிளில் பின் ரிம் 3.50 அங்குல அகலம், டயர் 130/70-17. அடுத்து வந்த நிஞ்சா 300-இல் ரிம் 4.00, டயர் 140/70-17. 140 மி.மீ. அகல டயர் பழைய ரிம்மிலும் ஏறும். ஆனால் குறுகிய ரிம் பக்கச் சுவர்களை உள்ளே இழுப்பதால் டயரின் நடுப்பகுதி கூம்பிவிடும். சாய்க்கும்போது வண்டி பொத்தென்று விழுவதுபோல் திரும்பும். சக்கரத்தையே மாற்ற இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

முன்சக்கரத்தைத் தொடவில்லை. 250ஆரின் வேகமானி கேபிள் முன் ஹப்பிலிருந்து, அதாவது முன்சக்கரத்தின் மையப் பகுதியிலிருந்து, ஓடுகிறது. அதைச் சுழற்றும் வெட்டு இல்லாத ஹப்பைப் போட்டால் முள் அசையாது. பின்பக்கம் மட்டும் மாறினால் வேகமானிக்குப் பாதிப்பில்லை.

கரோசெல் இணையச் சந்தையிலோ ஜோகூர் பாருவிலோ பழைய சக்கரம் வாங்குகிறீர்களென்றால் ரிம், டிஸ்க், ஸ்ப்ராக்கெட் கேரியர் (செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் பகுதி), குஷ் ரப்பர் (அதன் அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்), ஸ்பேசர்கள் (இடைவெளி வளையங்கள்), ஹப்புக்குள் இரு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்கும் குழாய் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கேளுங்கள். வெறும் ரிம் மலிவாகக் கிடைக்கும். மற்றதைத் தேடி அலையும்போதுதான் அதன் உண்மை விலை தெரியும். ரிம்மில் எம்டி4.00 என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழற்றும் முன் பழைய சக்கரத்தில் மூன்று அளவுகளை எடுத்து வைக்க வேண்டும்: ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) உட்பக்கத்திலிருந்து ரிம் விளிம்பு வரை இருபுறமும், அதே இடத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் முகம் வரை, டிஸ்க் முகம் வரை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டும் வெர்னியர் அளவுகோலும் இருந்தால் கார்ப்பேட்டையிலேயே முடித்துவிடலாம். புதிய ரிம் 12.7 மி.மீ. கூடுதல் அகலம். நடுக்கோட்டில் சரியாக உட்கார்ந்தால் இருபுற இடைவெளியும் தலா 6.35 மி.மீ. குறைந்திருக்கும். ஒருபுறம் 4, மறுபுறம் 8.7 குறைந்திருந்தால் சக்கரம் 2.35 மி.மீ. ஒதுங்கி நிற்கிறது.

உடனே ஒரு ஸ்பேசரை அந்த அளவுக்குச் சீவி, எதிர்ப்பக்க ஸ்பேசரில் அதைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். மொத்த அகலம் மாறாது என்பதால் கணக்கும் நேராகும். ஆனால் ரிம் நகரும்போது கேரியரும் டிஸ்க்கும் கூடவே நகரும். ரிம்மைச் சரிசெய்தால் செயின் கோணிக்கொள்ளும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஸ்பேசரால் ரிம்மை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு செயின் கோட்டைச் சரிபார்த்து, ஸ்ப்ராக்கெட் வெளியே தள்ளியிருந்தால் கேரியர் முகத்தை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சீவுங்கள்; உள்ளே போயிருந்தால் இடையில் தகடு வையுங்கள். கடைசியாக டிஸ்க், பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபருக்கு நடுவே ஓடும்படி காலிபர் பிராக்கெட்டின் ஸ்பேசரைத் திருத்துங்கள். லேத் வேலைக்குச் சிங்கப்பூரில் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் சிறிய பட்டறைகள் உண்டு. படம் வரைந்து மி.மீ. எழுதிக் கொடுங்கள். ஸ்பேசரின் இரு முனைகளும் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நட்டை முறுக்கும்போது ஆக்ஸில் (சக்கர அச்சு) வளையும்.

ஆக்ஸில் தடிமன் ஹப்பின் பேரிங்கோடு பொருந்தாவிட்டால் சிலர் துளைக்குள் புஷ் (மெல்லிய குழல்) செருகுவார்கள். அதைவிட, பேரிங் எண்ணைப் படித்துப் பாருங்கள். 6204-இன் அளவு 20×47×14 மி.மீ., 6303-இன் அளவு 17×47×14. வெளி விட்டமும் தடிப்பும் ஒன்றே, துளை மட்டும்தான் வேறு. 20 மி.மீ. ஆக்ஸிலுக்கான ஹப்பை 17-க்கு மாற்ற பேரிங்கை மாற்றினால் போதும், ஹப்பைத் தொட வேண்டாம். ஆனால் உள்குழாயும் 17 மி.மீ. ஆக்ஸிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், நீளம் பழையதேதான். அது கொஞ்சம் குட்டையானாலும் நட்டு இறுகும்போது பேரிங்கின் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நசுங்கும். சூடேறி, சில நூறு கிலோமீட்டரிலேயே கரகரக்கும்.

பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, ஹப்பை ஹீட் கன்னால் சூடாக்கினால் அலட்டல் இல்லாமல் இறங்கும். அடிப்பது வெளி வளையத்தில் மட்டும். ஒருபுறத்தை முழுதாக உட்கார வைத்து, குழாயைப் போட்டு, மறுபுறத்தைக் குழாயைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள்.

300-இன் கேரியரில் 42 பல் ஸ்ப்ராக்கெட் இருக்கும்; 250ஆருக்கு 45. முன் ஸ்ப்ராக்கெட் இரண்டிலும் 14. டயரின் விட்டம் 613.8-இலிருந்து 627.8 மி.மீ. ஆகிறது, அதாவது 2.3 விழுக்காடு கூடுதல். 42-ஐயும் அப்படியே விட்டால் கியர் மொத்தம் ஏறக்குறைய 9.6 விழுக்காடு நீண்டுவிடும். 250 சிசி எஞ்சினுக்கு அது சுமை. ஏற்றத்தில் ஆறாவது கியர் அலங்காரத்துக்குத்தான். 45-ஐயே வையுங்கள், ஆனால் துளைகள் கேரியரோடு பொருந்துகின்றனவா என்று முதலில் வைத்துப் பாருங்கள். செயின் அளவு இரண்டிலும் 520.

டயர் 7 மி.மீ. உயர்வதால் வண்டியின் பின்பக்கமும் அவ்வளவு தூக்கும். ஸ்விங்ஆர்மின் முன் குறுக்குப் பகுதி, செயின் கார்டு, பிரேக் குழாய் மூன்றிலும் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். புதிய செயினில் ஆக்ஸில் முன்னே நிற்கும், இடைவெளி மிகக் குறைவது அப்போதுதான். அந்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

மூன்று ஆண்டு தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளைப் பார்த்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஓட்டும் முன் பின் பிரேக் மிதியைச் சில முறை அழுத்திப் பேடுகளை நெருக்குங்கள், இல்லாவிட்டால் முதல் மிதி வெறுமனே உள்ளே போகும். ஒரு சுற்று ஓடியபின் ஸ்ப்ராக்கெட் பற்களைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தால் செயின் கோடு நேர். ஒருபக்கம் மட்டும் தேய்ந்து மின்னினால் திரும்ப லேத்துக்குத்தான். ஹப்பின் நடுவையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் உள்குழாயின் நீளத்தை மறுபடி அளக்க வேண்டும்.