இரவில் ஒரு மாத்திரை கூடுதலாக

மருந்தாளுநராக ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையச் சாளரத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது, எச்ஐவியோடு காசநோயும் கண்டவர்களிடம்தான். எய்ட்ஸ் நிலையில் எதிர்ப்பாற்றல் குறைவதைப் பயன்படுத்தித் தாக்கும் சந்தர்ப்பவாத நோய்களில் நம் நாட்டில் முதலிடம் காசநோய்க்கே. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு காசநோய் மருந்துகளும் இரண்டு மாதங்களுக்கும், பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் அடுத்த நான்கு மாதங்களுக்கும், உடல் எடைக்கேற்ற எண்ணிக்கையில் தினமும் தரப்படுகின்றன.

சிக்கல் ரிஃபாம்பிசினில் இருக்கிறது. கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடுவதால், எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் டோலுடெக்ராவிர் விரைவில் சிதைந்து, இரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே டோலுடெக்ராவிர் அடங்கிய வழக்கமான கூட்டு மாத்திரையை விழுங்கிய 12 மணி நேரம் கழித்து, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மட்டும் தனியாக ஒருமுறை கொடுக்கிறோம். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்களுக்கு இது தொடர வேண்டும், ஏனெனில் முடுக்கப்பட்ட நொதிகள் உடனே அடங்குவதில்லை.

இதைச் சொன்னால் பலரும் தலையாட்டுவார்கள். ஆனால் மறுநாளே, "சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதே" என்று பதறி வருவார்கள். அது மருந்தின் நிறம், இரத்தமன்று என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ உடனே வர வேண்டும் என்பதையும், அது எத்தாம்பியூட்டாலின் வேலையாக இருக்கலாம் என்பதால், அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன்.

மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் அல்லாதவர்களுக்கு, காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் ஏஆர்டியும் தொடங்கப்படுகிறது. அப்போது நோயெதிர்ப்பு மீள்வதால் காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் திடீரெனப் பெருகலாம். மருந்து பலிக்கவில்லை என்று இரண்டையும் நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் அச்சம்.